மேல் நம்பர், கீழ் நம்பர்

பாண்டிச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை ஐந்தரை மணிக்கு வாக்கிங் போகிற ஆண்கள் இரண்டே இரண்டு எண்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒன்று பென்ஷன். இன்னொன்று பிரஷர். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். "நமக்கு 140-க்கு 90 சார்." "எனக்கு 132-க்கு 84. மாத்திரையைப் பாதியா உடைச்சுக்கச் சொல்லிட்டார் டாக்டர்." கிரிக்கெட் ஸ்கோர் மாதிரியேதான். என்ன, இந்த ஆட்டத்தில் குறைவாக எடுத்தவருக்கு மரியாதை அதிகம்.

பெண்களும் நடக்கிறார்கள். தனிக் கும்பலாக, கொஞ்சம் வேகமாகவே. அவர்கள் பேச்சிலும் பிரஷர் வருகிறது. ஆனால் அது வீட்டுக்காரருடைய பிரஷர். "அவருக்கு பிரஷருங்க, குழம்புல உப்பே போடறதில்ல." உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டால், "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பதில் வரும். இந்த 'நல்லாத்தான்' என்ற வார்த்தையைப் பற்றித்தான் இந்த வாரம்.

ரத்தக்குழாய்க்கு வயசாவது என்றால் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பது அடைப்பு. கொழுப்பு படிந்து, வாய்க்காலில் குப்பை சேர்கிற மாதிரி சேர்ந்து, ஒரு நாள் 'பிளாக்'. அதுவும் உண்டு. ஆனால் அடைப்பே இல்லாமல் குழாய்க்கு வயசாகிற விதம் இரண்டு இருக்கிறது. சுவர் தடிக்கிறது. சுவர் விறைக்கிறது. இரண்டும் சத்தம் போடாமல் நடக்கும் காரியங்கள். இரண்டிலும் ஆணுக்கு ஒரு கால அட்டவணை, பெண்ணுக்கு வேறு கால அட்டவணை.

முதலில் அந்த நம்பர் சமாசாரம். '140 மில்லிமீட்டர் பாதரசம்' என்கிறோமே, ரத்தத்துக்கும் பாதரசத்துக்கும் என்ன உறவு? 1733-ல் ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார், ஒரு குதிரையைக் கட்டிப் படுக்கவைத்து அதன் தமனியில் உயரமான கண்ணாடிக் குழாயைச் செருகியதைப் புத்தகமாக எழுதினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறியது. (இன்றைய கணக்கில் 190-க்கு மேல். கட்டிப்போட்டுக் கத்தி வைத்தால் உங்களுக்கும் ஏறும்.) எட்டடிக் குழாயோடு வார்டில் நடமாட முடியுமா? 1828-ல் புவாஸேய் என்ற பிரெஞ்சுக்கார டாக்டர், தண்ணீரைவிடப் பதிமூன்றரை மடங்கு கனமான பாதரசத்தை வளைந்த குழாயில் ஊற்றி, எட்டடியை ஒரு சாணுக்கு இறக்கினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பாதரசம். பாதரச மிஷின்கள் ஆஸ்பத்திரிகளிலிருந்து விடைபெற்றுக்கொண்டிருக்கிற இந்தக் காலத்திலும், பேட்டரியில் ஓடுகிற மிஷின் அந்தக் கணக்கைத்தான் காட்டுகிறது.

அந்தக் குழாய் வளைவதற்கு 5 வருஷம் முன்பே, 1823-ல், எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி ஆரம்பித்துவிட்டார்கள் என்பதை உள்ளூர் கர்வத்துடன் இங்கே சொல்லிவிடுகிறேன். அதன் வழித்தோன்றல்தான் கோரிமேட்டு ஜிப்மர். ஊசி குத்தாமல் பிரஷர் பார்க்க எளிய வழி செய்தவர் மட்டும் இத்தாலிக்காரர். ரீவா ரோச்சி, 1896. கையைச் சுற்றிக் காற்றடிக்கிற பட்டைக்கு அவர் பயன்படுத்தியது சைக்கிள் ட்யூப். மேல் நம்பரோடு கீழ் நம்பரையும் காதால் கேட்டுச் சொல்ல வழி கண்டுபிடித்தவர் ரஷ்ய டாக்டர் கொரட்கோவ், 1905-ல். ஆக, உங்கள் கையில் பட்டையைக் கட்டும்போது நாலைந்து தேசங்கள் சேர்ந்து அழுத்துகின்றன.

சைக்கிள் ட்யூப் நல்ல இடத்தில் வந்தது. நம் பெரிய தமனியின் சுவரும் ஒரு வகை ரப்பர்தான். அதில் எலாஸ்டின் என்ற ஒரு புரதம், இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கூடவே கொலாஜன், இது கயிறு மாதிரி, லேசில் நீளாது. இளமையில் ரப்பர் வேலை செய்கிறது, கயிறு தொளதொளவென்று கிடக்கிறது. விஷயம் என்னவென்றால், எலாஸ்டினை உடம்பு பெரும்பாலும் கர்ப்பத்திலும் குழந்தைப் பருவத்திலும் நெய்து முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு புதிது சரிவரக் கிடையாது. கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப் புடவையை வாழ்நாள் முழுக்கத் தினமும் உடுத்துகிற மாதிரி. இதயம் ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிக்கிறது. 60 வயதுக்குள் 220 கோடி தடவை இந்த ரப்பர் நீண்டு சுருங்கியிருக்கும். இழை பிரியாமல் இருக்குமா? ரப்பர் கிழியக் கிழிய, கயிறு பாரம் தாங்க ஆரம்பிக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் அந்தக் கயிறுகளை ஒன்றோடொன்று பின்னி இன்னும் இறுக்கிவிடுகிறது. சிகரெட்டும் தன் பங்குக்கு.

சரி, விறைத்தால் என்ன? இரும்புக் குழாயிலும் தண்ணீர் போகிறதே?

மகுடி ஊதுகிறவரைப் பாருங்கள். மூச்சை மூக்கால் இழுக்கிற நேரத்திலும் மகுடிச் சத்தம் நிற்பதில்லை. எப்படி? கன்னத்தில் காற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார். நெஞ்சு காற்று தராத நேரத்தில் கன்னம் தருகிறது. இதயத்துக்கு அடுத்தாற்போல் இருக்கிற அயோர்ட்டா என்ற மகா தமனி அந்தக் கன்னம். இதயம் பீய்ச்சும்போது உப்பி, கணிசமான ரத்தத்தைத் தன்னிடம் நிறுத்திக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி, அதை மெல்லத் தள்ளிவிடுகிறது. உப்பிக்கொடுப்பதால் மேல் நம்பர் எகிறுவதில்லை. பிற்பாடு தள்ளிவிடுவதால் கீழ் நம்பர் விழுவதில்லை. கன்னம் விறைத்துப்போன மகுடிக்காரரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஊதும்போது காது கிழியும், மூச்சு இழுக்கும்போது மௌனம். மேல் நம்பர் ஏறும், கீழ் நம்பர் இறங்கும். இதில் ஒரு கொடுமை, இதயத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் ஓய்வு நேரத்தில்தான், அதாவது கீழ் நம்பரின் தயவில்தான் வாங்கிக்கொள்கிறது. வேலை அதிகமாகிறது, சாப்பாடு குறைகிறது.

மணிக்கட்டில் நாடி பிடிக்கிறோமே, அங்கே தட்டுவது இதயத்திலிருந்து அந்த நொடியில் கிளம்பிய ரத்தம் என்று நினைக்காதீர்கள். ரத்தம் நிதானம். மகா தமனியிலேயே அதன் சராசரி வேகம், கடற்கரையில் சுண்டல் கொறித்துக்கொண்டு நடப்பவரைவிடக் குறைவு. தட்டுவது அலை. விழுப்புரம் பாசஞ்சர் கிளம்பும்போது எஞ்சின் இழுத்த இழுப்பு 'டடக் டடக்' என்று கடைசிப் பெட்டி வரை ஒரே ஓட்டமாக ஓடி வருமே, பெட்டிகள் நகர ஆரம்பித்தே இருக்காது, அந்த மாதிரி. குழாய் எவ்வளவு விறைப்போ அவ்வளவு வேகமாக அலை ஓடும். இருபது சொச்சம் வயதில் விநாடிக்கு 6 மீட்டர் வாக்கில், சைக்கிள் வேகம். எழுபதைத் தாண்டினால் 11 மீட்டர் வாக்கில், மணிக்கு 40 கிலோமீட்டர், ஸ்கூட்டர் வேகம். கழுத்தில் ஒரு கருவி, தொடை இடுக்கில் ஒரு கருவி வைத்து இதை அளக்கிறார்கள். 10 மீட்டரைத் தாண்டினால் ஜாக்கிரதை என்று 2012-ல் நிபுணர்கள் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். மனுஷனுக்கு வயசாக ஆக நடை தளர்கிறது, உள்ளே அலை மட்டும் கியர் மாற்றுகிறது.

ஓடுகிற அலை திரும்பியும் வரும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல் கொட்டினார்கள், வடக்கே மணல் வரத்து நின்றது, பாண்டி கடற்கரை மணலை இழந்தது. சாலையைக் காப்பாற்றக் கருங்கல்லைப் போட்டார்கள். மணல் சரிவில் ஏறுகிற அலை அங்கேயே அடங்கிவிடும். கல்லில் மோதுகிற அலை உங்கள் வேட்டியை நனைத்துவிட்டுத் திரும்பிப் போய் அடுத்த அலையை முட்டும். (2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு தடுப்பு போட்டதில் மணல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது.) உடம்பிலும் அதே கதைதான். இளமையில், திரும்பி வருகிற அலை இதயத்தின் வாசலுக்கு வருவதற்குள் கதவு சாத்தியிருக்கும். அது ஓய்வு நேரத்து ரத்த ஓட்டத்துக்கு உதவியாகிறது. குழாய் விறைத்தபின் அலை சீக்கிரமே திரும்பி, இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே எதிரே வந்து முட்டுகிறது. மேல் நம்பர் இன்னும் ஏறுகிறது. பெண்கள் சராசரியில் ஆண்களைவிட உயரம் குறைவு. அலை போய்த் திரும்ப வேண்டிய தூரமும் குறைவு. அதனால் இந்த முட்டல் அவர்களுக்கு அதிகம். உயரத்துக்கும் பிரஷருக்கும் முடிச்சு போடலாம் என்று யார் நினைத்திருப்பார்கள்!

தடிப்புக்கு வருவோம். தமனிச் சுவருக்கு மூன்று அடுக்கு. உள் இரண்டின் கனத்தைக் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்தே அளக்கலாம் என்று 1986-ல் இத்தாலியில் பின்யோலி என்பவரும் சகாக்களும் காட்டினார்கள். இளைஞனுக்கு அரை மில்லிமீட்டர், அதாவது உங்கள் கை நகத்தின் கனம். வருஷத்துக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு போல ஏறுகிறது. கேட்க அற்பமாக இருக்கிறது. 40 வருஷத்தில் கணக்குப் போடுங்கள். நம் பக்கத்திலும் அளந்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குச் சராசரி 0.74 மில்லிமீட்டர். இருந்தவர்களுக்கு 0.95. சர்க்கரை நோய்க்காரரின் கழுத்து தன் வயதை ஏற்றிச் சொல்கிறது.

இந்தத் தடிப்புப் பந்தயத்தில் ஆண் முன்னால் ஓடுகிறான். எந்த வயதில் எடுத்தாலும் சராசரியில் ஆணின் கழுத்துத் தமனி பெண்ணுடையதைவிடத் தடிப்பு. மாரடைப்பு ஆணுக்குச் சீக்கிரம் வருவதோடு இது பொருந்துகிறது. 'ஹார்ட்டு, பிரஷர் எல்லாம் ஆம்பளை வியாதி' என்ற நம்பிக்கை பிறந்ததும் இப்படித்தான்.

விறைப்பில் கதை வேறு. வயசுக்கு வருவதற்கு முன், சிறுமியின் பெருந்தமனி அதே வயதுச் சிறுவனுடையதைவிடச் சற்று விறைப்பு என்று ஆஸ்திரேலியாவில் 2003-ல் அளந்து பார்த்திருக்கிறார்கள். பெரியவளானதும் இது தலைகீழாகிறது. அவள் குழாய் இளகுகிறது, அவன் குழாய் இறுகுகிறது. ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன் குழாயை இளக்கி வைக்கிறது. அடுத்த முப்பது சொச்சம் வருஷம் அவளுக்கு இந்தச் சலுகை. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. சலுகை ரத்து. அதற்குப் பிறகு விறைப்பு வேகம் பிடிக்கிறது, ஐம்பதுகளில் ஆணை எட்டிப்பிடிக்கிறது, அறுபதுகளில் மேல் நம்பரில் அவனைத் தாண்டியும் விடுகிறது. இருபது வருஷமாக 110-க்கு 70 என்று இருந்தவர் அல்லவா, அதனால் யாரும் அளந்து பார்ப்பதில்லை. அவரும் கேட்பதில்லை. நல்லாத்தான் இருக்கார்.

'அப்படியானால் ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் போச்சு' என்று உங்களுக்குத் தோன்றினால், டாக்டர்களுக்கும் தோன்றியது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து இரண்டு ஹார்மோன்கள் கலந்த மாத்திரையைச் சோதித்தார்கள். 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயும் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை, கூடின. உடம்பு தானே சுரப்பதும் நாம் ஊட்டுவதும் ஒன்றல்ல போலும். 2020-ல் இன்னொரு ஆச்சரியம். அதே நாட்டில் 32,833 பேருடைய பிரஷர் கணக்கை, 43 வருஷத்து ரிகார்டைப் புரட்டிப் பார்த்தபோது, பெண்களின் பிரஷர் ஏறுகிற வேகம் இருபதுகளிலேயே ஆண்களைவிட அதிகமாக ஆரம்பித்துவிடுவது தெரிந்தது. தொடங்குகிற இடம் தாழ்வாக இருந்ததால் ஏறுவது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றையும் மாதவிலக்கின் தலையில் கட்டுவதும் சரியில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. வயது 67. வீட்டுக்காரருக்கு இருதய வைத்தியம். அவருடைய பிரஷரைத் தேதி வாரியாக எழுதிய நோட்டு ஒன்று அந்த வீட்டில் உண்டு, பெரியம்மாவின் கையெழுத்தில், பன்னிரண்டு வருஷத்துக்கு. மார்ஜின் போட்டு, மேல் நம்பருக்கு நீல மை, கீழ் நம்பருக்குச் சிவப்பு. பெரியம்மாவுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. ஒரு முறை எங்கேயோ காய்ச்சலுக்குப் போனபோது அளந்திருக்கிறார்கள்.

"170-க்கு 70-ன்னாங்கப்பா. கீழ் நம்பர் நல்லா இருக்கு, பயப்படாதீங்க, வயசுக்கு இது சகஜம்னாங்க."

யார் சொன்னது என்பது முக்கியமில்லை. ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு மாசம் கழித்து ஒரு காலையில் காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. டம்ளர் நழுவினால் கை தவறியது என்போம். பேச்சும் குழறியதால் பையன் புரிந்துகொண்டு ஆட்டோ பிடித்தான். இப்போது நடக்கிறார், பேசுகிறார். ஆனால் அந்த நோட்டில் எழுதுவது மருமகள். எழுத்து வரவில்லை.

170-க்கு 70. கீழ் நம்பர் நன்றாக இருக்கிறது என்று மகிழ்வதற்கில்லை. மகுடிக்காரரின் கன்னம் விறைத்துவிட்டது என்பதற்கு அதைவிடத் துல்லியமான கடிதம் கிடையாது. மேலிலிருந்து கீழைக் கழித்துப் பாருங்கள், 100. ஆரோக்கியமான ஆளுக்கு 40 பக்கத்தில் இருக்கும். வயதானவருக்கு 60-ஐத் தாண்டினால் குழாய் விறைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அந்த அடி முழுக்க நேரே போய் விழுகிற இடங்கள் மூளையும் சிறுநீரகமும். ரத்தத்துக்கு எப்போதும் கதவைத் திறந்தே வைத்திருக்கும் உறுப்புகள் அவை.

'வயசோடு நூறைக் கூட்டிக்கோ' என்ற பழைய வாய்ப்பாடு இன்னும் பெஞ்சுகளில் புழங்குகிறது. 70 வயதா, 170 வரை ஓகே. இது பாமர ஞானம் இல்லை, டாக்டர்கள் இறக்கிவிட்டுப் போனது. வயதானவர்களுக்குக் குறுகிய குழாய்களில் ரத்தத்தைத் தள்ள அதிக பிரஷர் அவசியம், அதைக் குறைப்பது ஆபத்து என்று நம்பிய காலம் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944-ல் 186-க்கு 108. 1945 ஏப்ரல் 12-ல் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டபோது 300-க்கு 190. உலக யுத்தத்தை நடத்திய மனிதரின் பிரஷருக்கு அன்றைக்கு உருப்படியான மருந்து கிடையாது.

1991-ல்தான் தீர்ப்பு வந்தது. 60 வயதைக் கடந்த 4,736 பேர். எல்லோருக்கும் மேல் நம்பர் 160-க்கு மேல், கீழ் நம்பர் 90-க்குக் கீழ். பெரியம்மா கேஸ். பாதிப் பேருக்கு நீர் பிரிய வைக்கிற ஒரு மலிவான மாத்திரையிலிருந்து ஆரம்பித்தார்கள், மற்றவர்களுக்கு வெறும் மாவு மாத்திரை. சுமார் நாலரை வருஷத்தில் பக்கவாதம் 36 சதவிகிதம் குறைந்தது. மேல் நம்பர் மட்டும் ஏறுவது வயசின் உரிமை இல்லை, வியாதி என்று அன்றைக்கு எழுதி வைத்தார்கள். செய்தி நம் தெருவுக்கு வந்து சேர எத்தனை வருஷம்! வயதானவர்களுக்குத் தடாலடியாகக் குறைத்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழவும் செய்வார்கள். அதனால் எவ்வளவு குறைப்பது என்பது டாக்டர் வேலை. அவரிடம் போவது நம் வேலை.

இதெல்லாம் விதிதானே, எல்லோருக்கும் ஆவதுதானே என்பார்கள். தடிப்பு பழைய சமாசாரம் என்பது உண்மை. எகிப்து, பெரு முதலான நாலு இடங்களின் 137 மம்மிகளை ஸ்கேன் மிஷினில் படுக்கவைத்துப் பார்த்து 2013-ல் எழுதினார்கள், மூன்றில் ஒருவருக்குத் தமனியில் கோளாறு. பஜ்ஜியும் டிவியும் இல்லாத காலத்தில்! ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஆவதில்லை. 1985-ல் சீனாவில், உப்பு அதிகம் சாப்பிடுகிற பெய்ஜிங் பக்கத்து ஜனங்களையும், கிட்டத்தட்டப் பாதி உப்பு சாப்பிடுகிற குவாங்சௌ கிராமத்து ஜனங்களையும் ஒப்பிட்டார்கள். வயதோடு அலை வேகம் கூடுவது கிராமத்தில் நிதானமாக இருந்தது. பிரேஸில் காடுகளில் யானோமாமி என்ற பழங்குடி. உப்பே தெரியாதவர்கள். 1988-ல் வெளியான உலக ஆய்வில் அவர்களுடைய மேல் நம்பர் சராசரி 100-ஐத் தொடவில்லை, வயதானாலும் ஏறவில்லை.

உப்புதான் வில்லன் என்று முடித்துவிடலாம் என்றால் நடுவே இத்தாலியக் கன்னியாஸ்திரீகள் வருகிறார்கள். உம்பிரியா மாநிலத்தில் மடத்துக்குள்ளேயே வாழும் 144 பேரை 20 வருஷம் தொடர்ந்து அளந்தார்கள். பக்கத்து ஊர்க் குடும்பப் பெண்களுக்குப் பிரஷர் வயதோடு ஏறியது. மடத்தில் ஏறவில்லை. உப்பு இரு சாராருக்கும் ஒன்றுதான். மௌனமும் பிரார்த்தனையும் சச்சரவில்லாத வாழ்க்கையும் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். கணவன்மார் இந்த ஆராய்ச்சியை மனைவி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது உசிதம்.

பாண்டிச்சேரி என்றதும் சென்னை நண்பர்கள் கண் சிமிட்டிக்கொண்டு ஒரு பிரெஞ்சு சித்தாந்தம் சொல்வார்கள். 'வெண்ணெய் தின்கிறான், ஆனால் ஒயின் குடிக்கிறான், அதனால்தான் பிரெஞ்சுக்காரனுக்கு மாரடைப்பு குறைவு.' 1992-ல் பெயர் பெற்ற சங்கதி. பிற்பாடு அதை நிறையப் பேர் நிறையக் குடைந்தாயிற்று. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் 'பாதுகாப்பான அளவு என்று ஒன்று மதுவில் கிடையாது' என்று சொல்லிவிட்டது. வீக் எண்டில் ஈ.சி.ஆர். வழியாக வருகிறவர்கள் வரட்டும். ரத்தக்குழாயைச் சாக்கு சொல்ல வேண்டாம்.

நடைக்குச் சாட்சி இருக்கிறது. உட்கார்ந்தே இருந்த நடு வயது ஆண்களை 3 மாதம் நடக்கவிட்டதில் கழுத்துத் தமனியின் இளக்கம் கண்ணுக்குத் தெரிய முன்னேறியது என்று 2000-ல் அமெரிக்காவில் காட்டினார்கள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் அப்படியே என்று 2003-ல். கிழிந்த ரப்பர் ஒட்டிக்கொள்ளாது. சுவரில் உள்ள தசை இறுக்கம் தளர்கிறது. ஆகவே காந்தி சிலைக் கும்பல் இரண்டுமே நடந்துகொண்டிருக்கலாம்.

கழுத்தை ஸ்கேன் செய்துகொள்ளலாமா என்று கேட்பீர்கள். செக்கப் பாக்கேஜ்களில் 'ரத்தக்குழாய் வயது' என்று கலர் காகிதத்தில் அச்சடித்துத் தருகிறார்கள். வாங்கிப் பார்த்த நண்பருக்கு நிஜ வயது 58, குழாய் வயது 71. ஒரு வாரம் தூங்கவில்லை. அதிலேயே இரண்டு வயது கூடியிருக்கும். தடிப்பை அளப்பது கூட்டம் கூட்டமாக ஆட்களை வைத்து ஆராய்வதற்கு உத்தமமான கருவி. தனி ஆளுக்கு, மற்ற விவரங்கள் சொல்லாத எதையும் அது பெரிதாகச் சொல்லிவிடுவதில்லை என்பதால் வழக்கமான பரிசோதனையாக வேண்டாம் என்று அமெரிக்க இதய மருத்துவ சங்கங்களே 2013-ல் சொல்லிவிட்டன. உங்களிடம் இருக்க வேண்டியது அந்தச் சைக்கிள் ட்யூப் பட்டைதான். அளப்பதற்கு முன் அரை மணி காபி, சிகரெட் கிடையாது. ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில். வாயை மூடிக்கொள்ளுங்கள், பேசினால் ஏறும். இரண்டு தடவை எடுங்கள். உங்களுக்கு எடுத்து முடித்ததும் பட்டையைக் கழற்றி உறையில் போடாதீர்கள். வீட்டில் இன்னொரு கை இருக்கிறது. அந்த நம்பரையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

உப்பை என்ன செய்வது? ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீ ஸ்பூன், அதற்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் இருக்கிற வீட்டில் அது காலை டிபனோடு தீர்ந்துவிடும். சீனாவில் 600 கிராமங்களில் ஒரு உபாயம் செய்து பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள். பாதி கிராமங்களுக்கு, உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றிக் கொடுத்தார்கள். சமையலை மாற்றச் சொல்லவில்லை. பக்கவாதம் 14 சதவிகிதம் குறைந்தது. இந்த உப்பு நம் ஊர்க் கடைகளிலும் வருகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது, பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். மற்றவர்கள் ரசத்தில், சாம்பாரில் போட்டுப் பார்க்கலாம். குபேர் மார்க்கெட்டில் வாங்குகிற கருவாட்டுக்கு மட்டும் என்னிடம் வழி இல்லை. அதில்தான் வருவதற்கு முன்பே போட்டுவிடுகிறார்களே.